தாழ்வாரம் ஏன் வளைகிறது

1

ஒரு பத்தி எழுதித் தரச் சொன்னார்கள். இந்தக் கதை பிறந்தது அதனால்தான். வேறு பெருமை எதுவும் இதற்கு இல்லை.

எங்கள் பகுதிக்கு ஒரு புது நடுநிலைப் பள்ளி வரப்போகிறது. ஆறாம் வகுப்பு முதல் எட்டு வரை. பெற்றோர் கருத்தைக் கேட்டுத்தான் கட்ட வேண்டும் என்று மேலிடத்தில் யாருக்கோ நல்ல புத்தி வந்து எங்களைக் கேட்டார்கள். சொன்னோம். சொன்னபடி வரைபடம் போனது. போன வேகத்தில் திரும்பியும் வந்தது, ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்வியோடு: 'தாழ்வாரம் ஏன் வளைகிறது? பெற்றோர் தரப்பு விளக்கம் தேவை.'

இந்த மாதத்துக்குள் விளக்கம் போகாவிட்டால் பள்ளிக்கூடம் வேறு பகுதிக்குப் போய்விடும்.

"நீதான் எழுதறவனாச்சே அண்ணா. ஒரு பத்தி எழுதிக் குடு," என்றாள் தங்கை.

உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. ஏனென்றால் ஒரு பத்தியில் அடங்காத உண்மை என்பது மனித வாழ்வின்

(இந்த வாக்கியத்தை இங்கேயே இறக்கிவிடுகிறேன். நான் செங்கல் சுமந்த வீட்டில் பிறந்தவன். எடை தெரியாததைத் தலையில் ஏற்றிக்கொள்ள மாட்டேன்.)

2

அடித்துப் போட்ட தொடக்கங்கள்:

'மேற்கண்ட பொருள் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்துக்கு மிகவும் பணிவுடன்'

பணிவுடன் என்று எழுதியதும் முதுகு வலித்தது. நிறுத்திவிட்டேன்.

'கிழக்கு வெளுத்தது. பரந்து கிடந்த அந்த மைதானத்தின் மேல் பொன்னொளி'

அது மைதானம் இல்லை. லாரி திருப்புகிற இடம். இடித்த வீடுகளின் கப்பியைக் கொண்டுவந்து கொட்டுகிற இடம். பொன்னொளி அங்கேயும் விழுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அதைப் பார்க்க அங்கே யாரும் நிற்பதில்லை.

'கண்களில் நீர் தளும்ப அந்தத் தாய்'

இதை எழுதும்போது தங்கை பின்னால் நின்றிருந்தாள்.

"யாரு அந்தத் தாய்?"

"நீதான்."

"நான் எப்ப அழுதேன்?"

"கதைக்காக."

"கதைக்கு அழணும்னா நீ அழு. நான் கல்லு உடைக்கிற மிஷின் பக்கத்துல நிக்கிறவ. என் கண்ணுல தண்ணி வந்தா அது தூசி."

ஆகவே கண்ணீர் இல்லாமல் விஷயத்தைச் சொல்கிறேன். தங்கையின் மகள் இந்த வருடம் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறாள். இங்கே இருக்கும் பள்ளி ஐந்தோடு சரி. அடுத்தது பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம். தங்கையின் கணவர், எனக்கு மாப்பிள்ளை, லாரி ஓட்டுகிறார். அவர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

"அந்த ரோட்டைத் தாண்டி என் பொண்ணு போக மாட்டா."

"ஏன் மாப்ள, மத்த பிள்ளைங்க போகலையா?"

"அந்த ரோட்டுல லாரி ஓட்டுறது யாரு மச்சான்? நான். நான் எப்படி ஓட்டுவேன்னு எனக்குத் தெரியும்."

இதற்கு மேல் வாதம் செய்ய என்ன இருக்கிறது? புதுப் பள்ளி இங்கே வந்தால் அவள் ஆறாம் வகுப்பு. வராவிட்டால் கொஞ்ச நாள் வீட்டில் இருப்பாள். பிறகு அம்மாவுக்குச் சோறு கொண்டுபோவாள். பிறகு, போனவள் சும்மா ஏன் நிற்க வேண்டும் என்று அவள் கையிலும் கல் சுமக்க ஒரு கூடையைக் கொடுப்பார்கள். நானும் தங்கையும் கூடைக்கு வந்தது அப்படித்தான். யாரும் எங்களை அனுப்பவில்லை, நாங்களாக வந்து சேர்ந்தோம்.

3

கருத்துக் கேட்புக் கூட்டம் சின்னப் பள்ளியில் நடந்தது. ஒன்றாம் வகுப்புப் பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைத் தாடைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டோம். நான் பெற்றவன் இல்லை, தாய்மாமன். அனுமதி உண்டா என்று கேட்டதற்கு ஹெட்மாஸ்டர், "பேசாம இருந்தா சரி," என்றார்.

கட்டடத்தை வரைந்த இன்ஜினியரம்மா சுவரில் படம் காட்டினார். நீலக் கோடுகள், அம்புக்குறிகள், ஆங்காங்கே எண்கள். எல்லோரும் தலையாட்டினோம். புரியாததற்குத் தலையாட்டுவது கூலி வேலை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

"ஏதாவது கருத்து?"

பின் பெஞ்சிலிருந்து ரசமட்டம் எழுந்தார். அவர் கொத்தனார். எதைப் பார்த்தாலும் சாய்ந்திருக்கிறது என்பார், அதனால் மட்டம் பார்க்கும் கருவியின் பெயரே அவருக்கு.

"படம் சாஞ்சிருக்கு மேடம்."

மேஜைக் காலுக்கு அடியில் ஒரு சாக்பீஸை வைத்துப் படத்தை நிமிர்த்தினார்கள். அப்போதும் புரியவில்லை.

"பேப்பர்ல எங்களுக்கு ஏறாது மேடம். தரையில கோடு போட்டுக் காட்டுங்க. நடந்து பார்த்துட்டுச் சொல்றோம்."

இன்ஜினியரம்மா மறுக்கவில்லை. "போடலாம். ஆனா சாயங்காலம் நான் கிளம்பும்போது நீங்க எல்லாரும் ஒத்துக்கிட்ட படம் என் கையில இருக்கணும். நாளைக்குக் கமிட்டி. வெறுங்கையோட போனா, இந்தக் கட்டடத்தைக் கேட்டு மத்த ஏரியாக்காரங்க வரிசையில நிக்கிறாங்க."

சுண்ணாம்புத் தூள் ஹெட்மாஸ்டரிடம் இருந்தது. விளையாட்டு விழாவுக்கு வைத்திருந்தாராம். சர்க்கரை அளப்பதைப் போல அளந்து கொடுத்தார்.

4

லாரி திருப்பும் இடத்தில் வெளிச்சுவருக்கு முளை அடித்துக் கயிறு கட்டினார்கள். உள்ளே எல்லாம் சுண்ணாம்புக் கோடு. இரண்டு வரிசை அறைகள், நடுவில் நீளமாகத் தாழ்வாரம் (கோப்பில் தாழ்வாரம், எங்கள் வாயில் வராண்டா), ஒரு முனையில் வாசல். கதவு வரும் இடத்தில் கோட்டை விட்டுவிட்டார்கள்.

கோடு போட்டு முடித்த கையோடு மாப்பிள்ளை லாரியை ஓரம் கட்டிவிட்டு, கயிற்றையும் கோட்டையும் தாண்டி நேராக உள்ளே நடந்து வந்தார்.

"ஏங்க, செவுத்துல புகுந்து வர்றீங்க," என்றாள் தங்கை.

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை காலைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். திரும்பிப் போய் வாசல் வழியாக வந்தார். வரும்போது இல்லாத கதவைத் தள்ளக் கையை வேறு நீட்டினார்.

அதோடு அது சட்டமாகிவிட்டது. சுவரைத் தாண்டினால் வந்த வழியே போய்க் கதவு வழியாக வர வேண்டும். ரசமட்டம் நடுவில் நின்று காவல் காத்தார். கொஞ்ச நேரத்தில் யாருக்கும் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. பக்கத்து அறையில் நிற்பவரிடம் பேசக் குரலை உயர்த்தினார்கள். ஹெட்மாஸ்டர் தன் அறைக்குள் போய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவரிடம் பேச வந்தவர்கள் கோட்டுக்கு வெளியே நின்று, "வரலாமா சார்?" என்று கேட்டார்கள். அவர், "கொஞ்சம் இருங்க," என்றார். உள்ளே அவர் ஒருவர்தான் இருந்தார்.

ஆளுக்கொரு அறை எடுத்துக்கொண்டோம். தங்கைக்கு ஆறாம் வகுப்பு, அதை யாரும் கேட்கவில்லை. ரசமட்டம் அறிவியல் கூடத்துக்குப் போனார். ஆறாம் வகுப்புக்கு நேர் எதிரே நூலகத்தில் மாப்பிள்ளை, அங்கிருந்து பார்த்தால் லாரி தெரியும் என்பதற்காக. கழிப்பறை பெரியதாக வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். போய் நிற்கத்தான் யாரும் முன்வரவில்லை. கடைசியில் எழுத்தாளனை நிறுத்தினார்கள்.

(இங்கே கதாசிரியருக்கு ஒரு குறியீடு கிடைக்கிறது. வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.)

5

இனி நாங்கள் செய்த தவறு.*

தங்கைதான் ஆரம்பித்தாள். "இது சின்னதா இருக்கே. என் பொண்ணு கையை அகல வெச்சு எழுதுவா," என்று சொல்லிக்கொண்டே கோட்டைக் காலால் தாழ்வாரத்துப் பக்கம் ஓர் அடி தள்ளினாள். எதிரில் மாப்பிள்ளை பார்த்தார். அவரும் தள்ளினார். ஓர் அடி இல்லை, அதற்கும் மேல்.

"லைப்ரரிக்கு எதுக்கு மாப்ள இவ்ளோ இடம்?" என்று கழிப்பறையிலிருந்து கத்தினேன்.

"புத்தகம் வந்து இறங்க வேணாமா? லாரி திரும்பணும்ல."

ரசமட்டம், குடுவை வெடித்தால் பிள்ளைகள் ஓட இடம் வேண்டும் என்று தள்ளினார். ஏழாம் வகுப்பில் நின்ற தையல்காரம்மா, ஆறாம் வகுப்பை விட ஏழு சின்னதாக இருந்தால் பிள்ளை மேலே படிக்க ஏன் ஆசைப்படும் என்று தள்ளினார். ஹெட்மாஸ்டர் காரணம் எதுவும் சொல்லவில்லை. யாரும் பார்க்காதபோது ஷூ நுனியால் தள்ளினார். நானும் தள்ளினேன். கழிப்பறைக்கு அவ்வளவு இடம் எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இன்ஜினியரம்மா வெளியிலிருந்து, "கோட்டை நகர்த்தாதீங்க. வெளிச்சுவர் நகராது, உள்ளதான் சுருங்கும்," என்றார். தலையாட்டினோம். சொன்னேனே, பயிற்சி.

* வீடு கட்டும் இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. அஸ்திவாரத்துக்குக் கோடு போட்ட அன்று வீட்டுக்காரர் செருப்புக் காலோடு வந்து பார்ப்பார். ஏதாவது ஓர் இடத்தில் கோட்டைக் காலால் தள்ளி, "இன்னும் ஒரு அடி," என்பார். தேவை இருந்து தள்ளுவதில்லை. தன் வீடு என்பது அந்தக் காலுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். தள்ளிய கோட்டில் நாங்கள் குழி வெட்டுவோம். பள்ளிக்குக் கோடு போட்ட அன்று அந்த மண்ணில் நின்ற யாருக்கும் வாழ்நாளில் தள்ளிப் பார்க்க ஒரு கோடு கிடைத்ததில்லை. இதை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரிக்கலாம். நாங்களும் சிரித்தோம், ஆனால் பிறகு.

6

பொழுது சாயும் நேரத்தில் தாழ்வாரம் இல்லை.

இரண்டு பக்கத்துக் கோடுகளும் நடுவில் வந்து முட்டிக்கொண்டன. ஆறாம் வகுப்பின் கதவைத் திறந்தால் நூலகத்தின் சுவர். அறிவியல் கூடத்தில் கதவு இருந்த இடத்தில் ஹெட்மாஸ்டர். பள்ளிக்கூட வாசலில் நுழைந்தால் இரண்டு எட்டில் சுவர். எல்லோரும் அவரவர் அறையில் நின்றுகொண்டிருந்தோம், வெளியே வர வழி இல்லாமல்.

"ஒரு அடி உள்ள தள்ளிக்கங்களேன்," என்றாள் தங்கை, எதிரில் நின்ற கணவரிடம்.

"நீ தள்ளிக்க."

"என்னுது கிளாஸு. பிள்ளைங்க உக்காரணும்."

"என்னுது லைப்ரரி. பிள்ளைங்க படிக்கணும்."

"நீங்க எப்ப படிச்சீங்க?"

"இடம் இல்லாமத்தான் படிக்கல."

ரசமட்டம் ஹெட்மாஸ்டரிடம் கேட்டார். "சார், உங்க ரூம்ல கொஞ்சம் குறைச்சா என் கதவு தொறக்கும்."

"மனு குடுங்க, பார்க்கலாம்," என்றார் ஹெட்மாஸ்டர்.

"மனுவ எந்த வழியா சார் உள்ள குடுக்கிறது?"

வாசகர் இங்கே ஒன்று கேட்பார், எனக்குத் தெரியும். வெறும் சுண்ணாம்புதானே, காலைத் தூக்கி வைத்தால் போச்சு. நானும் அன்று அதைத்தான் யோசித்துக்கொண்டு நின்றேன். காலைத் தூக்கக்கூடச் செய்தேன். சுற்றிலும் பார்த்தேன். எல்லோரும் என் காலையே பார்த்தார்கள். முதலில் தாண்டுகிறவன், இது பள்ளிக்கூடம் இல்லை, லாரி திருப்புகிற இடத்தில் கொட்டிய சுண்ணாம்பு என்று சொல்லிவிட்டவன் ஆவான். பிறகு அந்த அறைகள் அறைகளாக இருக்காது. காலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

இன்ஜினியரம்மா முளைப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். "இதுதான் உங்க முடிவா? இப்படியே வரைஞ்சு எடுத்துட்டுப் போகவா? வராண்டா இல்லாத ஸ்கூல்னு கமிட்டி முதல் பக்கத்துலயே தூக்கிப் போட்டுடும்."

தங்கை ஆறாம் வகுப்பின் நடுவில், கரும்பலகை வரும் பக்கம் முதுகைக் காட்டி நின்றாள். அவள் பயந்து நான் அதிகம் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன்.

7

இப்போது கதைக்கு ஒரு வழி வேண்டும். எழுதிப் பார்த்த வழிகள்:

'திடீரென வானம் இருண்டது. பெய்த மழையில் கோடுகள் கரைந்தன, கூடவே மனங்களும்'

அது வெயில் காலம். மேகம் கிடையாது. மனம் கரைகிற வேலையெல்லாம் எங்கள் பக்கம் நடப்பதில்லை.

'அவள் நிமிர்ந்தாள். "பெற்றோர்களே," என்றாள். அந்தக் குரலில் இருந்த'

"பெற்றோர்களேவா?" என்றாள் தங்கை, மறுபடியும் என் தோளுக்குப் பின்னாலிருந்து. "அந்த வார்த்தை என் வாயில வருமா? ஒழுங்கா டீ வந்ததை எழுது."

டீ வந்தது.

டீக்கடைக்காரர் தூக்கு கேனும் டம்ளருமாக வாசலில் வந்து நின்றார். அவருக்கு விஷயம் தெரியாது. ஆனால் இத்தனை பேர் அசையாமல் நிற்பதைப் பார்த்து அவரும் கோட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். "எப்படி உள்ள வர்றது?"

(டீ சொன்னது இன்ஜினியரம்மா. தெரிந்துதான் சொன்னீர்களா என்று பிறகு கேட்டேன். "எனக்குத் தலைவலி சார்," என்றார். இந்தப் பாத்திரத்தை என்னால் கடைசிவரை பிடிக்க முடியவில்லை.)

காலையிலிருந்து வெயிலில் நின்றவர்கள் நாங்கள். டீயின் வாசனை எல்லாச் சுவர்களையும் தாண்டி வந்தது, அதை ரசமட்டத்தால் தடுக்க முடியவில்லை. மாப்பிள்ளை எச்சிலை விழுங்கினார்.

தங்கை அதைப் பார்த்தாள். குனிந்தாள். காலால் தள்ளியதைக் கையால் வாரி, தன் சுவரைத் தன் பக்கம் ஓர் அடி இழுத்தாள். பிறகு இன்னும் அரையடி.

"ஏங்க. டீ வேணுமா வேணாமா?"

மாப்பிள்ளை லாரியைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். "லாரி ரிவர்ஸ்ல வந்துக்கும்," என்று சொல்லி நூலகத்தைச் சுருக்கினார்.

டீக்கடைக்காரர் உள்ளே வந்தார். அதற்கப்புறம் அவர் நடக்க நடக்க வழி திறந்தது. தையல்காரம்மா ஏழாம் வகுப்பை ஆறின் அளவுக்குக் கொண்டுவந்தார், ஒரு விரல்கடைகூடக் கூடுதலாகக் குறைக்கவில்லை. ரசமட்டம் பின்வாங்கி, வாங்கிய கோட்டை உட்கார்ந்து பார்த்து, "இப்பத்தான் நேரா இருக்கு," என்றார். டீக்கடைக்காரருக்குப் பின்னாலேயே இன்ஜினியரம்மா வந்து, அவர் போன தடத்துக்கு இரண்டு பக்கமும் புதுச் சுண்ணாம்பைத் தூவிக்கொண்டே போனார்.

ஹெட்மாஸ்டர் அறை வந்தது.

"டீ சார்?"

"நான் டீ குடிக்கிறதில்ல."

அவ்வளவுதான். அவர் அசையவில்லை. அசைய அவருக்கு ஒரு காரணமும் இல்லை. டீக்கடைக்காரர் ஒரு நொடி நின்றார், பிறகு அந்த அறையைச் சுற்றிக்கொண்டு போனார். ரசமட்டம் முனகிக்கொண்டே இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார். இன்ஜினியரம்மா சுண்ணாம்போடு வளைந்தார்.

தாழ்வாரம் வளைந்தது.

எனக்கு டீ வரவில்லை. "கக்கூஸுக்குள்ள டீ கொண்டு வர மாட்டேன், நீங்க வெளிய வாங்க," என்றார் டீக்கடைக்காரர். சுவரைக் குறைத்துக் கதவு வைத்து வெளியே வந்தேன். அதற்குள் கேன் காலி.

எல்லோரும் புதுத் தாழ்வாரம் வழியாக வரிசையாக நடந்து வாசலுக்கு வந்தோம், வளைவில் திரும்பி. இன்ஜினியரம்மா அதை அப்படியே வரைந்தார். கையெழுத்துப் போட்டோம். தங்கைதான் முதலில்.

8

ஆக, விளக்கம். சிவப்பு மைக்குப் பதில்.

மாப்பிள்ளையின் யோசனை: "நடுவுல மரம் இருக்கு, அதை வெட்டக் கூடாதுன்னு வளைச்சோம்னு எழுதுங்க மச்சான்."

"அங்க மரம் ஏது மாப்ள?"

"நாளைக்கே ஒண்ணு நட்டுடலாம்."

ஹெட்மாஸ்டரின் யோசனை: காற்றோட்டம். எந்தக் காற்று எங்கிருந்து எங்கே ஓடும் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் மேலிடத்துல கேக்க மாட்டாங்க," என்றார். ரசமட்டத்தைக் கேட்டேன். வளைவே இல்லை, படம்தான் சாய்ந்திருக்கிறது என்றார்.

மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மரம் அழகாக வந்தது. அதில் ஒரு பறவைகூட உட்கார்ந்தது. நேர்மையாகச் சொன்னால் அதுதான் தேறும். காற்றோட்டமும் தேறும். உண்மை தேறுமா என்று தெரியவில்லை. உண்மையை எழுதி, அதனால் பள்ளிக்கூடம் கைவிட்டுப் போனால், அந்தப் பெண்ணின் கையில் கூடை வந்தால், என் எழுத்தை நான் எந்தக் குப்பையில் கொண்டு போய்

(இதையும் இறக்கிவிடுகிறேன்.)

தங்கையிடம் கேட்டேன். அவள் வேலைக்குக் கிளம்பித் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நடந்ததை எழுது. நாளைக்கு ஆபீஸர் வந்து மரத்தைத் தேடினா யாரு போய் நிக்கிறது, நீயா? ஹெட்மாஸ்டர் டீ குடிக்க மாட்டார், அதான் வளையுது. இதுல மறைக்க என்ன இருக்கு?"

"முடிவு வரலையே."

"முடிவை அவங்கதான் எழுதணும். நீ மடிச்சு உறையில போடு. உன் மாப்ள இன்னிக்கு அந்த ஆபீஸ் பக்கம்தான் லோடு எடுத்துட்டுப் போறாரு."

வெளியே மாப்பிள்ளை ஹாரன் அடிக்கிறார். லாரி இன்னும் கிளம்பவில்லை. ஆனால் எப்படிக் கிளம்பும் என்று இப்போதே எழுதிவிடலாம், தினமும் பார்க்கிறேனே. லாரி திருப்பும் இடத்தில் காற்றில் கோடு அழிய அழியத் தங்கை வேலை முடிந்து வந்து புதிதாகத் தூவிவிடுகிறாள். முன்பெல்லாம் மாப்பிள்ளை அந்த இடத்தில் குறுக்கே ஒரே வீச்சில் திருப்பிக்கொண்டு ரோட்டுக்கு ஏறுவார். இப்போது ஆறாம் வகுப்பின் மூலை வந்ததும் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியில் பின் சக்கரத்தைப் பார்த்து, சுவரில் உரசாமல் சுற்றிக்கொண்டு போகிறார். தான் எப்படி ஓட்டுவார் என்று தெரிந்த அதே ஆள்தான்.

சிவப்பு மையில் கேட்டவருக்கு: ஒரு பத்திதான் கேட்டீர்கள், மன்னிக்கவும். கடைசிப் பத்தி உங்களுடையது. இதற்குக் கீழே தாளில் இடம் விட்டிருக்கிறேன். எழுதுவதற்கு முன் நேரில் வந்து பார்க்க நினைத்தால் வாருங்கள். டீ வாங்கித் தருகிறோம். வாசல் ரோட்டைப் பார்த்த பக்கம், கோட்டில் இடைவெளி இருக்கும். அதன் வழியாக வாருங்கள், வளைவில் திரும்புங்கள். குறுக்கே மட்டும் வந்துவிடாதீர்கள். தங்கை திருப்பி அனுப்பிவிடுவாள்.